நான்ட் மேட்டில் நின்ற ரயில்: லாக்-மெகான்டிக் விபத்து குறித்த நிகழ்வு ஆய்வு

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், அமெரிக்க எல்லைக்கு அருகே, ஏரிக்கரையில் அமைந்த சிற்றூர் லாக்-மெகான்டிக். மக்கள்தொகை ஏறத்தாழ ஆறாயிரம். 2013 ஜூலை 6, சனிக்கிழமை அதிகாலை 1.15 மணிக்கு, 72 டேங்கர்களில் கச்சா எண்ணெய் ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று, ஓட்டுநர் யாருமின்றி மலைச்சரிவில் உருண்டு வந்து ஊரின் நடுவே தடம்புரண்டது. 47 பேர் இறந்தனர்.

ரயிலை இயக்கியது 'மான்ட்ரியல், மெய்ன் அண்ட் அட்லான்டிக் ரயில்வே' என்ற வட்டார நிறுவனம். சுருக்கமாக எம்.எம்.ஏ. கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஓராண்டுக்கு மேல் புலனாய்வு செய்து, 2014 ஆகஸ்ட் 19 அன்று அறிக்கை தந்தது. விபத்துக்கு இட்டுச்சென்ற காரணங்களாக 18-ஐ அது கண்டறிந்தது. பலரும் இதை "கை பிரேக்கைச் சரியாகப் போடாத ஓட்டுநரின் தவறு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அறிக்கையைப் படித்தவர்களால் அப்படிச் சொல்ல முடியாது. அந்த ரயிலை மேட்டில் பிடித்து நிறுத்தியிருந்தது ஓடிக்கொண்டிருந்த ஓர் என்ஜின். அந்த என்ஜினை அணைக்கும் நேரத்தில், அதுதான் பிரேக்கைத் தாங்குகிறது என்று அறிந்தவர் யாரும் அந்த இடத்தில் இல்லை. ஏன் இல்லை என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

பின்னணி: பெரிய நிறுவனம் விட்டுச் சென்ற பாதை

கனடியன் பசிபிக் ரயில்வே 1889-இல் மெய்ன் மாநிலத்தின் காடுகளைக் குறுக்கே வெட்டி இந்தப் பாதையை முடித்தது. குளிர்காலத்தில் செயின்ட் லாரன்ஸ் ஆறு உறைந்துவிடும். அப்போதும் கப்பல் ஓடும், கனடாவின் அட்லான்டிக் கரையிலுள்ள செயின்ட் ஜான் துறைமுகத்தை மான்ட்ரியலுடன் மிகக் குறுகிய வழியில் இணைப்பதே நோக்கம். நூறாண்டுக்குப் பிறகு அதே பாதை நஷ்டக் கணக்கில் வந்தது. 1994 இறுதியோடு கனடியன் பசிபிக் விலகிக்கொண்டது. பாதை துண்டுகளாகக் கைமாறியது.

கியூபெக்கையும் மெய்னையும் இணைத்த பகுதியை வாங்கிய குழுமம் சில ஆண்டுகளில் திவாலானது. அதன் சொத்துகளை வாங்கி 2003 ஜனவரியில் எம்.எம்.ஏ. தொடங்கியது. மெய்ன், வெர்மான்ட், கியூபெக் என மூன்று இடங்களிலும் அதன் பாதை ஓடியது. இந்தப் பாதைகளின் உயிர்நாடி காகித ஆலைகள். நிறுவனம் தொடங்கிய அதே மாதத்தில், மெய்னின் மில்லினாகெட் ஊரைச் சுற்றி இயங்கிய பெரும் காகித நிறுவனம் திவால் மனு கொடுத்தது. பிறந்த வீட்டிலேயே பஞ்சம்.

அடுத்த பத்தாண்டுகள் செலவைக் குறைப்பதிலேயே கழிந்தன. 2010-இல் வடக்கு மெய்னில் 233 மைல் பாதையைக் கைவிட அனுமதி கேட்டது. அதை மாநில அரசே விலைக்கு வாங்கிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. மீதிப் பாதையில் பல இடங்களில் வேகம் குறைக்கப்பட்டது. என்ஜின்கள் பழையவை. ரயிலுக்கு ஒரே ஒருவர் என்ற முறை கொண்டுவரப்பட்டது. 2012-இல் கியூபெக்கில் ஃபார்னம் முதல் லாக்-மெகான்டிக் வரையிலும் அது நடைமுறைக்கு வந்தது. பெரிய நிறுவனம் விட்டுப்போன பாதையில் மரம், காகிதம், ரசாயனம் என்று கிடைத்ததை ஏற்றிப் பிழைக்கும் சிறு ரயில் நிறுவனங்கள் வட அமெரிக்காவில் நூற்றுக்கணக்கில் உண்டு. அவை இல்லாவிட்டால் பல ஆலைகளுக்கு ரயிலே கிடையாது. சிக்கனமே அவற்றின் தொழில்முறை. அதைக் குற்றமாகக் கருத எனக்கு மனமில்லை. எதில் சிக்கனம் காட்டப்பட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த நிலையில் எண்ணெய் வந்தது. வடக்கு டகோட்டாவின் பாக்கன் பாறைப்படுகையில் உற்பத்தி பெருகியபோது குழாய்ப்பாதை போதவில்லை. செயின்ட் ஜானில் கனடாவின் மிகப்பெரிய சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. இரண்டுக்கும் இடையே கடைசிக் கட்டத்தில் எம்.எம்.ஏ.யின் பாதை. 2012 முதல் நீண்ட எண்ணெய் ரயில்கள் அந்தப் பழைய தண்டவாளத்தில் ஓடத் தொடங்கின. வருமானம் உயர்ந்தது. ஏற்றிச் செல்லும் சரக்கின் தன்மை மாறியது. நடைமுறைகள் அதற்கேற்ப மாறவில்லை. பாதுகாப்பு மேலாண்மைத் திட்டம் ஒன்றை நிறுவனம், ரயில் ஓட்டத் தொடங்கும் முன்பே, 2002-இல் எழுதி வைத்திருந்தது. செயல்படுத்தத் தொடங்கியது 2010-இல்தான். 2013-இலும் அது முழுமையாக இயங்கவில்லை. மேற்பார்வை செய்ய வேண்டிய கனடியப் போக்குவரத்துத் துறையும் 2010 வரை அந்தத் திட்டத்தைத் தணிக்கை செய்யவில்லை.

2012 அக்டோபர்: ஒரு பழுதுபார்ப்பு

விபத்துக்கு எட்டு மாதங்கள் முன்பு, பிற்பாடு அந்த ரயிலின் முன்னால் பூட்டப்பட்ட என்ஜின் பழுதாகிப் பட்டறைக்கு வந்தது. முறைப்படி பழுதுபார்க்கக் காலமும் பணமும் அதிகமாகும். என்ஜினைச் சீக்கிரம் ஓட்டத்துக்கு அனுப்பும் நெருக்கடியும் இருந்தது. ஆகவே எப்பாக்ஸி போன்ற ஒரு பசைப்பொருளால் பழுது அடைக்கப்பட்டது. என்ஜினுக்குள் இருக்கும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்கும் வலிமை அதற்கு இல்லை. அது விட்டுப்போனபோது என்ஜின் சீராக ஓடாமல் திமிறியது. கரும்புகையும் வெண்புகையும் கக்கியது. எண்ணெய் கசிந்து, என்ஜினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போசார்ஜருக்குள் சேர்ந்தது.

2013 ஜூலை 5: நான்டில் ரயில் நிறுத்தப்படுகிறது

ஐந்து என்ஜின்கள், ஒரு கட்டுப்பாட்டு வண்டி, இடைவெளிக்காகச் சரக்கு ஏற்றிய ஒரு பெட்டி வண்டி, அதன் பின் 72 டேங்கர்கள். நீளம் ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர், எடை ஏறத்தாழ 9,300 மெட்ரிக் டன். டேங்கர்களில் 77 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய். வெள்ளிக்கிழமை பிற்பகல் ஃபார்னமிலிருந்து புறப்பட்ட ரயில், வழியெங்கும் என்ஜின் கோளாறுடன் இரவு 10.50 மணிக்கு நான்ட் என்ற இடத்தை அடைந்தது. அங்கே ஓட்டுநரின் பணி முடிகிறது. மறுநாள் காலை வேறொருவர் வந்து அமெரிக்கப் பக்கம் ஓட்டிச் செல்வார்.

நான்ட் மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து லாக்-மெகான்டிக் ஊர்வரை 11 கிலோமீட்டருக்கு மேல் பாதை இறங்கிக்கொண்டே போகும். நான்டில் பக்கத்தில் ஒரு லூப் லைன் உண்டு. வண்டி தானாக உருண்டால் அதைத் தடம்புரளச் செய்து நிறுத்தும் கருவியும் அதில் உண்டு. ஆனால் அன்று அந்த லைனில் வேறு வண்டிகள் நின்றிருந்தன. எண்ணெய் ரயில்களை மெயின் லைனிலேயே, சரிவிலேயே நிறுத்துவது நிறுவனத்தின் வழக்கமாகவும் ஆகிவிட்டிருந்தது.

இந்த இடத்தில் பிரேக்குகளைப் பற்றிச் சற்று விளக்கியாக வேண்டும். சரக்கு ரயிலில் மூன்று வகை உண்டு. முதலாவது, ரயில் முழுதும் நீளும் குழாயில் காற்றழுத்தம் குறைந்தால் எல்லா வண்டிகளிலும் விழும் தானியங்கி பிரேக். இரண்டாவது, என்ஜின்களை மட்டும் பிடிக்கும் தனிக் காற்று பிரேக். அதற்குக் காற்றழுத்தம் தொடர்ந்து இருக்க வேண்டும். அழுத்தத்தைத் தருவது ஓடும் என்ஜினின் கம்ப்ரசர். மூன்றாவது, கை பிரேக். ஒவ்வொரு வண்டியின் முனையிலும் ஒரு சக்கரம் இருக்கும். இருட்டில், சரளைக்கல் மேல் நடந்து, ஒவ்வொரு வண்டியாக ஏறி, அந்தச் சக்கரத்தைக் கையால் இறுக்கினால் சங்கிலி இழுபட்டு பிரேக் கட்டை சக்கரத்தை அழுத்தும். எவ்வளவு அழுத்தும் என்பது இறுக்குபவரின் கைவலிமையையும் வண்டியின் நிலையையும் பொறுத்தது.

விதி தெளிவானது: காற்று பிரேக்கைக் கணக்கில் கொள்ளாமல், கை பிரேக்குகள் மட்டுமே ரயிலைப் பிடிக்க வேண்டும். ஓட்டுநர் ஐந்து என்ஜின்களிலும் கட்டுப்பாட்டு வண்டியிலும் பெட்டி வண்டியிலுமாக ஏழு கை பிரேக் போட்டார். பிறகு, பிடிக்கிறதா என்று என்ஜினை இயக்கிச் சோதித்தார். அந்தச் சோதனையின்போது என்ஜின்களின் தனிக் காற்று பிரேக்கும் போடப்பட்டே இருந்தது. ரயில் அசையவில்லை. கை பிரேக் பிடிப்பதாகத் தோன்றியது. டேங்கர்களில் தானியங்கி பிரேக் போடப்படவில்லை.

எத்தனை தேவைப்பட்டன? நிறுவனத்தின் சொந்த அட்டவணைப்படி அந்த நீள ரயிலுக்கு ஒன்பது. வாரியம் பின்னர் கணக்கிட்டபோது குறைந்தது 17, இறுக்கிய அளவைப் பொறுத்து 26 வரைகூட வேண்டியிருந்திருக்கும் என்று தெரியவந்தது. ஆகவே ஓட்டுநர் கம்பெனி அட்டவணையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றி இன்னும் இரண்டு பிரேக் போட்டிருந்தாலும் ரயில் நின்றிருக்காது. இந்த ஒரு விவரம் போதும், பொறுப்பை ஒருவர் தலையில் கட்டுவது எவ்வளவு அநியாயம் என்று காட்ட. முறையான சோதனை குறையைக் காட்டிக்கொடுத்திருக்கும். அதைச் செய்யாதது அவருடைய தவறுதான். ஆனால் கம்பெனியின் கணக்கே தவறு. இப்படி நிறுத்தும் வழக்கத்தைக் கண்காணித்துத் திருத்த வேண்டியவர்களும் திருத்தவில்லை.

சரிவில் பாரவண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுக்காமல், மாட்டின் கழுத்திலேயே பாரத்தை விட்டுவிட்டுப் போவதற்கு ஒப்பானது அன்றைய நிலை. மாடு நிற்கும்வரை வண்டி நிற்கும்.

நிறுத்திய பிறகும் முன் என்ஜின் அளவுக்கு மீறிப் புகைந்தது. ஓட்டுநர் இதை மெய்னில் இருந்த கட்டுப்பாட்டு அறையிடம் சொன்னார். புகை தானாக அடங்கிவிடும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அவரை அழைத்துச் செல்ல வந்த டாக்சியின் கண்ணாடியில் என்ஜினிலிருந்து எண்ணெய்த் துளிகள் விழுந்தன. டாக்சி ஓட்டுநர் இது சரியா என்று கேட்டதாகவும் பதிவு இருக்கிறது. ரயில்வேயைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவருக்கு எழுந்த ஐயம் அது. அதைக் கேட்டு இன்னொரு என்ஜினை இயக்கிவிட்டு, இதை அணைத்திருந்தால் கதை வேறு. ஆனால் என்ஜின் பல மணி நேரம் அப்படித்தான் ஓடி வந்திருந்தது. பழகிப்போன கோளாறு யாரையும் உலுக்குவதில்லை.

இரவு 11.40: தீ

முன் என்ஜினில் தீப்பற்றியதைக் கண்டு ஒருவர் அவசர எண்ணுக்கு அழைத்தார். தீயணைப்பு வீரர்கள் விரைந்து வந்தனர். எரிபொருள் வரத்தை நிறுத்தி என்ஜினை அணைத்தனர். ரயில்வேயின் அறிவுறுத்தலின்படி ஓட்டுநர் அறையில் மின்சுவிட்சுகளும் அணைக்கப்பட்டன. தீ அணைந்தது. அவர்கள் செய்தது அனைத்தும் சரி.

நிறுவனம் அனுப்பிய ஆள் ஒரு தண்டவாளப் பராமரிப்பாளர். என்ஜின் இயக்கத்தில் அவருக்குப் பயிற்சி கிடையாது. அவரும் தீயணைப்பு வீரர்களும் ஃபார்னமில் இருந்த ரயில் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரிடம் நிலைமையைச் சொல்லிவிட்டுக் கலைந்தனர். ஊரில் விடுதியில் படுத்திருந்த ஓட்டுநருக்கும் தகவல் போனது. தான் திரும்பிச் சென்று இன்னொரு என்ஜினை இயக்கட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்று பதில் வந்தது. ஓட்டுநருக்கு ஓய்வு சட்டப்படி தேவை என்பதால் அவரைத் தொந்தரவு செய்யத் தயங்குவது எந்த ரயில்வேயிலும் இயல்பு. அன்றிரவு அந்தத் தயக்கத்தை மீறியிருக்க வேண்டும்.

இங்கேதான் இந்த நிகழ்வின் முடிச்சு. தீயணைப்பு வீரர்களுக்குத் தீ தெரியும், பிரேக் தெரியாது. பராமரிப்பாளருக்குத் தண்டவாளம் தெரியும், என்ஜின் தெரியாது. கட்டுப்பாட்டாளருக்கு எத்தனை கை பிரேக் போடப்பட்டது என்பது தெரியாது. அவர் கேட்கவும் இல்லை. ஏழு பிரேக்தான் போட்டிருக்கிறோம், அதில் ஒன்றுகூட டேங்கரில் இல்லை, மீதியைக் காற்று பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்க்கக் கூடியவர் ஒரே ஒருவர். அவர் பல கிலோமீட்டர் தள்ளி இருந்தார்.

இன்னொரு காவலும் பொய்த்தது. மின்சாரம் நின்றவுடன் ரயில் முழுதும் தானாக பிரேக் விழச்செய்யும் பாதுகாப்பு அமைப்பு அந்த என்ஜினில் இருந்தது. ஆனால் வயரிங் தவறாக இருந்ததால் அது செயல்படவில்லை. அது மட்டும் வேலை செய்திருந்தால், மற்ற எல்லாத் தவறுகளும் மறுநாள் காலை ஒரு கண்டிப்புக் கடிதத்தோடு முடிந்திருக்கும்.

என்ஜின் அணைந்ததால் கம்ப்ரசர் நின்றது. காற்று மெல்லக் கசிந்தது. குழாயிலும் அழுத்தம் இறங்கியது. ஆனால் மிக மெதுவாக இறங்கியதால் தானியங்கி பிரேக் விழவில்லை. ஒரு மணிக்குச் சற்று முன்பு, ஏழு கை பிரேக்குகளால் இனித் தாங்க முடியாத நிலை வந்தது. ரயில் நகர்ந்தது.

1.15

இறக்கத்தில் வேகம் மணிக்கு 105 கிலோமீட்டரை எட்டியது. ஊரின் மையத்தில் உள்ள வளைவில் வழக்கமாக ரயில்கள் போகும் வேகத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். 63 டேங்கர்கள் தடம்புரண்டன. அவை டாட்-111 வகை. உருளையின் எஃகுத் தகடு 11 மில்லிமீட்டர். ஏறத்தாழ எல்லாமே கிழிந்தன. அறுபது லட்சம் லிட்டர் எண்ணெய் கொட்டி எரிந்தது. வார இறுதி இரவு. பாதையை ஒட்டிய மதுக்கடையில் நல்ல கூட்டம். 40 கட்டடங்களும் 53 வாகனங்களும் எரிந்தன. இரண்டாயிரம் பேர் வெளியேற்றப்பட்டனர். எல்லைக்கு அப்பாலிருந்து மெய்ன் மாநிலத் தீயணைப்பு வீரர்களும் வந்தனர். ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் எண்ணெய் ஏரியிலும் ஷோடியேர் ஆற்றிலும் கலந்தது. மையப்பகுதியில் எரியாமல் தப்பிய கட்டடங்களிலும் பலவற்றை, மண்ணில் எண்ணெய் ஊறியிருந்ததால் பிற்பாடு இடிக்க நேர்ந்தது.

சரக்கின் அபாய வகைப்பாடும் தவறாக இருந்தது. பாக்கன் எண்ணெய் எளிதில் ஆவியாகித் தீப்பற்றும் தன்மை கொண்டது. ஆவணங்களில் அதைவிடக் குறைந்த அபாயப் பிரிவில் அது காட்டப்பட்டிருந்தது.

ஓட்டுநர் விடுதியிலிருந்து வெளியே வந்து, தீ பரவாத டேங்கர்களை இழுத்து அப்புறப்படுத்தும் வேலையில் உதவினார். எரிவது தன்னுடைய ரயில் என்பது அவருக்கு முதலில் தெரியாது. கட்டுப்பாட்டாளர் பிறகே சொன்னார்.

பின்னர் நடந்தவை

விபத்து நடந்து மூன்று வாரம் ஆகும் முன்பே, 2013 ஜூலை 23 அன்று, கனடிய அரசு அவசர உத்தரவு பிறப்பித்தது: அபாயகரமான சரக்கு ஏற்றிய டேங்கர் ரயிலில் குறைந்தது இருவர் இருக்க வேண்டும், அத்தகைய ரயிலை மெயின் லைனில் ஆளின்றி விடக் கூடாது. ஒருவர் மட்டும் ஓட்டியதுதான் விபத்துக்குக் காரணம் என்று வாரியம் முடிவு கட்டவில்லை. இருந்தும் இருவர் விதி சரியானதே என்பது என் கருத்து. இரவு பதினொரு மணிக்குக் களைப்போடு சரிவில் ஏறி இறங்கி 20 பிரேக்குகளை இறுக்குவது தனியொருவர் செய்யும் வேலையல்ல.

2014 அக்டோபரில் கை பிரேக் எண்ணிக்கை ரயிலின் எடைக்கும் சரிவுக்கும் ஏற்ப அட்டவணையாகவே விதிக்கப்பட்டது. "போதுமான எண்ணிக்கையில்" என்று பொதுவாகச் சொல்லி, எது போதும் என்பதைக் களைத்த ஆளின் ஊகத்துக்கு விட்ட பழைய முறை அதோடு ஒழிந்தது. டாட்-111 டேங்கர்களில் கச்சா எண்ணெய் ஏற்றுவது 2016 நவம்பர் முதல் கனடாவில் நிறுத்தப்பட்டது. புதிய தரத்தில் தகடு 14 மில்லிமீட்டருக்கு மேல்.

எம்.எம்.ஏ.க்கு இருந்த காப்பீடு 2.5 கோடி கனடிய டாலர். 2013 ஆகஸ்டில் இரு நாடுகளிலும் திவால் மனு கொடுத்தது. எண்ணெய் நிறுவனங்கள், டேங்கர் உரிமையாளர்கள் எனப் பலர் சேர்ந்து ஏறத்தாழ 45 கோடி டாலர் இழப்பீட்டு நிதி உருவாக்கினர். நகரத்தின் நடுவே எண்ணெய் கொண்டுசெல்லும் நிறுவனத்துக்கு அவ்வளவு குறைந்த காப்பீட்டோடு உரிமம் கிடைத்தது எனக்கு இன்றும் அதிர்ச்சி தருவது. 2015-இல் சட்டம் திருத்தப்பட்டு, ஏற்றும் சரக்கின் அபாயத்துக்கு ஏற்பக் காப்பீட்டுத் தொகை நிர்ணயிக்கப்பட்டது.

ஓட்டுநர், கட்டுப்பாட்டாளர், இயக்க மேலாளர் ஆகிய மூவர் மீது குற்றவியல் வழக்கு நடந்தது. ஷெர்ப்ரூக் நீதிமன்றத்தில் ஜூரிகள் ஒன்பது நாள் கூடிப்பேசி, 2018 ஜனவரி 19 அன்று மூவரையும் விடுவித்தனர். ரயில்வே பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தொடரப்பட்ட வேறொரு வழக்கில் முன்னாள் ஊழியர்கள் சிலர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றனர். இயக்குநர் குழுவின் தலைவர் கூண்டில் ஏறவில்லை. ஊரில் பலருக்கு இன்னும் ஆறாத மனக்குறை இது; நியாயமான குறையும்கூட.

இதே நிலை வேறிடத்தில் வந்தால்

சிறு ரயில் நிறுவனம் நடத்துபவர்களுக்கும் அதைக் கண்காணிப்பவர்களுக்கும் இதிலிருந்து நான் எடுத்துச்சொல்ல விரும்புவது மிகக் குறிப்பானது. நிறுத்தி வைத்த ரயிலின் என்ஜினை யார் அணைத்தாலும், "கை பிரேக் எத்தனை, எந்த வண்டிகளில்?" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் கட்டுப்பாட்டாளர் அந்த அழைப்பை முடிக்கக் கூடாது. அந்த எண் ஓட்டுநரின் நினைவில் மட்டும் இருக்காமல், பணி முடிக்கும்போதே கட்டுப்பாட்டு அறையில் பதிவாக வேண்டும். பாதையோர ஊர்களின் தீயணைப்பு நிலையங்களுக்கு, அணைத்த என்ஜின் பிரேக்கை இழக்கும் என்பதை ஒரு மணி நேர வகுப்பில் சொல்லிக்கொடுக்கலாம். இவற்றுக்கு ஆகும் செலவு எந்த ஏழை நிறுவனத்தாலும் தாங்கக்கூடியது.

புதிய சரக்கு வரும்போது பழைய நடைமுறையை மறுபரிசீலனை செய்வதும் அப்படித்தான். காகிதக்கூழ் ரயில் நான்டில் உருண்டிருந்தால் அதுவும் பெரிய விபத்துதான். ஒரு நகரமையமே எரிந்திருக்காது. 2012-இல் முதல் எண்ணெய் ரயில் வந்த நாளன்று, "இதை எங்கே நிறுத்துவோம்?" என்று மேலாளர்கள் ஒருமுறை உட்கார்ந்து பேசியிருந்தால், மேட்டிலிருந்து ஊரை நோக்கிய சரிவில் மெயின் லைன் என்ற பதிலை யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள்.

பாதையின் இன்றைய நிலை

திவாலான நிறுவனத்தின் பாதையை 2014-இல் ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கி, 'சென்ட்ரல் மெய்ன் அண்ட் கியூபெக்' என்ற பெயரில் தண்டவாளத்தைச் செப்பனிட்டு நடத்தியது. 2020-இல் அது கனடியன் பசிபிக்கின் கைக்கே திரும்பியது. ஊரைச் சுற்றிச் செல்ல ஏறத்தாழ 12.5 கிலோமீட்டர் புறவழிப்பாதை அமைக்கப் போவதாகக் கனடிய, கியூபெக் அரசுகள் 2018-இல் அறிவித்தன. 2023-இல் அதற்கான நிலத்தை மத்திய அரசு கையகப்படுத்தியது. அதே ஆண்டில், புதிய பாதை கடந்துசெல்லும் பக்கத்து ஊரான ஃப்ரோன்தெனாக்கில் நடந்த வாக்கெடுப்பில் மிகப் பெரும்பான்மையினர் அதை எதிர்த்தனர். நிலத்தடி நீரும் சதுப்பு நிலங்களும் கெடும் என்பது அவர்களின் அச்சம். லாக்-மெகான்டிக்கில் உறவினரை இழந்தவர்களில் பலர், ரயில் ஊருக்குள் வந்துகொண்டிருக்கும் வரை தங்களால் நிம்மதியாக உறங்க முடியாது என்கிறார்கள்.